மன்னார்க் கரையின் நடைவழி

இலங்கைத் தீவின் வடமேற்குக் கரையிலே, இந்தியாவை நோக்கி நீட்டிய கைபோலக் கிடப்பது மன்னார்த் தீவு. அதன் கிழக்கு முனையில், பெருநிலத்திலிருந்து வரும் பாலத்தைத் தாண்டியதும் மன்னார் நகரம் அமைந்திருக்கின்றது. அந்நகரத்தின் ஒரு பகுதியே உப்புக்குளம். உப்பும் நீரும் சேர்ந்த அப்பெயரே அந்த நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடுகின்றது. அங்கிருந்து மேற்கு நோக்கி நடந்தால், ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தொலைவிலே தலைமன்னார் வரும். அதற்கப்பால் நிலம் தேய்ந்து, கடலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் மணல்தீடைகளாக மாறிவிடும். சேது என்றும், இராமர் அணை என்றும், ஆதாம் பாலம் என்றும் வெவ்வேறு மக்கள் வெவ்வேறு பெயரிட்டு அழைப்பது அந்தத் தீடை வரிசையைத்தான்.

இன்று இந்தக் கரையின் இரு முனைகளும் சட்டத்தினாற் காக்கப்படும் இயற்கை நிலங்கள். கிழக்கே வங்காலைப் பறவைகள் சரணாலயம். மேற்கே ஆதாம் பாலத் தேசியப் பூங்கா. பறவைகளைக் காணவும் கடலழகை நுகரவும் பலர் இங்கே வருகின்றனர். எனினும் இந்த வழி அழகுக்காக நடக்கப்பட்ட வழியன்று. வணிகனும், யாத்திரிகனும், சிறைமீண்டவனும், வயிற்றுப் பசிக்காகக் கடல் கடந்தவனும், வீடிழந்து ஓடியவனும் நடந்து தேய்த்த வழி அது. மணலிற் பதிந்த அடிகளை அலை அழித்துவிட்டது. வரலாறு அவற்றை முற்றாக அழிய விடவில்லை.

முதலில் வழியின் இயல்பை அறிதல் வேண்டும். மன்னார்த் தீவிலே மலையில்லை, ஆறில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பனைமரங்கள். அவற்றினிடையே குடை விரித்தாற்போல உச்சி தட்டையாக நிற்கும் உடைமரங்கள். அவற்றின் நிழலில், அராபிய வணிகர் கொண்டுவந்து விட்டவை என்று மக்கள் கூறும் கழுதைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். தீவின் தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக்குக் கடல். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் சீறும், வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று எழும் மாதங்களிலோ இந்நிலை மாறிவிடும். இந்த மாற்றத்தை அறிந்த மீனவர், பருவத்துக்கேற்பக் கரை மாறித் தொழில் செய்வர். கரைவலை இழுப்போர் கடலோரத்தில் ஓலையால் வாடி அமைத்துத் தங்குவர். பருவம் முடிந்ததும் வாடியைக் கலைத்துப் பெயர்வர். இத்தீவிலே நிலையாகக் குடியிருப்பவருங்கூட ஆண்டுதோறும் இடம்பெயர்ந்து வாழக் கற்றவரே.

உப்புக்குளத்துக்கு எதிரே, ஆழமற்ற கடலுக்கு அப்பால், பெருநிலத்திலே மாந்தை இருக்கின்றது. மாதோட்டம் என்று தமிழரும், மகாதித்த என்று பாளி நூலாரும் குறித்த பழந்துறை அதுவே. அநுராதபுரம் தலைநகராய் இருந்த காலத்தில், மேற்கே பாரசீகத்திலிருந்தும் கிழக்கே சீனத்திலிருந்தும் வந்த பொருள்கள் அத்துறையிலே கைமாறின. 1980-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கு நிகழ்ந்த அகழாய்வு, அந்நாடுகளின் மட்பாண்டத் துண்டுகளை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிற்று. அவ்விடத்துத் திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பறங்கியர் அதனை இடித்தனர். அழிந்த அக்கோயிலை மீண்டும் எழுப்பவேண்டுமென்று 1872-ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வேண்டுகோள் விடுத்தார். பிற்காலத்தில் அது மீண்டும் எழுந்தது. கேதீச்சரத்தையும் இராமேச்சரத்தையும் இணைத்துப் பார்த்த அடியார்களுக்கு, இடையிலுள்ள மன்னார்த் தீவு இரு கோயில்களுக்கு நடுவே கிடந்த நீண்ட முன்றிலாகவே தோன்றியிருக்கும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிலே ‘சேது’ என்ற சொல்லைப் பொறித்தனர். இந்த நீர்வழியின் காவலர் தாமே என்று அவர்கள் கருதியமைக்கு அஃது ஒரு சான்று.

உப்புக்குளத்திலிருந்து புறப்படுவோர் கண்ணில் முதலிற்படுவது கோட்டை. போர்த்துக்கேயர் 1560-ஆம் ஆண்டிலே மன்னாரைக் கைப்பற்றி அதனைக் கட்டினர். 1658-இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்துப் பின்னர்த் திருத்திக் கட்டினர்; 1795-இல் அது பிரித்தானியர் கைக்கு மாறிற்று. மூன்று கொடிகளும் இறங்கிவிட்டன. சுவர்கள் மட்டும் கடலைப் பார்த்து நிற்கின்றன. நகரத்தின் மறுபுறத்தே பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமும் ஒரு பயணியே. ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை அராபியர் கொண்டுவந்து நட்டனர் என்பர். அதன் அடியைச் சுற்றி அளந்தால் 19 மீற்றருக்கு மேல் வரும். கட்டிய கோட்டையை அதன் உரிமையாளர் விட்டுச் சென்றனர். நட்ட மரமோ இந்த மண்ணை விட்டுப் போகவில்லை.

கால்நடையே விடுதலை அளித்த ஒரு கதையும் இக்கரைக்கு உண்டு. கண்டி மன்னனின் ஆட்சியில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தம் தோழர் ஒருவருடன் காட்டாற்றின் கரையைப் பற்றி நடந்து, 1679-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தார். அங்கிருந்து மன்னாருக்கும், பின் கொழும்புக்கும், இறுதியில் தம் நாட்டுக்கும் சென்று, தாம் கண்ட இலங்கையைப்பற்றி எழுதிய நூல் 1681-இல் வெளிவந்தது. அதே அரிப்புக் கரையில்தான் முத்துக்குளிப்பு நடைபெற்று வந்தது. அதனை மேற்பார்வையிட ஆள்பதி நோர்த் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை, கடலரிப்பினாற் சிறிது சிறிதாக இடிந்து விழுந்து வருகின்றது.

நகரத்தைக் கடந்து மேற்கே செல்லும் வழியில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், தாழ்வுபாடு, தோட்டவெளி, பேசாலை என்று ஊர்கள் தொடரும். ஓர் ஊரிலே பள்ளிவாசலின் பாங்கொலி. அடுத்த ஊரிலே தேவாலயத்தின் மணியோசை. தோட்டவெளி, 1544-ஆம் ஆண்டின் துயரத்தை இன்றும் நினைவில் வைத்திருக்கும் ஊர். புதிதாகக் கிறித்தவம் தழுவிய மன்னார் மக்கள் ஏறத்தாழ அறுநூறு பேரை யாழ்ப்பாணத்தரசன் சங்கிலி கொல்லுவித்த ஆண்டு அது. வேதசாட்சிகள் என்று போற்றப்படும் அவர்களை வணங்க இன்றும் மக்கள் அங்கே கூடுகின்றனர்.

பேசாலையைத் தாண்டினால் கடலின் ஓசை ஓங்கும், ஊர்கள் குறையும். இவ்விடத்தில் ஒரு கணம் திரும்பிப் பார்த்தல் நன்று. ஏனெனில், இந்த வழியிலே நடந்தவர்களுள் பெருந்தொகையினர், உப்புக்குளத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்தவரல்லர். எதிர்த்திசையிலே, கடலிலிருந்து நிலத்தை நோக்கி நடந்தவர்.

1823-ஆம் ஆண்டளவிலே தொடங்கி, மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலே மழை பொய்த்தும், நிலமின்றியும், கடன்பட்டும் வருந்திய குடிகள் அவர்கள். கங்காணி முன்னே செல்ல, தோணிகளில் நெருக்கியடித்துக் கடல் கடந்து, தலைமன்னாரிலும் பேசாலையிலும் வங்காலையிலும் அரிப்பிலும் இறங்கினர். ஆவணம் எழுதியோர் அவர்களைப் பெயர் சொல்லிப் பதியவில்லை. ‘கூலி’ என்ற ஒரே சொல்லால் எண்ணிக்கையாக எழுதிவைத்தனர்.

இறங்கிய இடம் முடிவன்று, தொடக்கமே. தீவின் நீளத்தை நடந்து, ஆழமற்ற நீரைக் கடந்து, மாந்தைக்கப்பால் காட்டுக்குள் புகுந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறவேண்டும். ஏறத்தாழ நூற்றைம்பது மைல். குழந்தையை இடுப்பிலும் பானையைத் தலையிலும் சுமந்து நடந்த பெண்களும் அவர்களுள் இருந்தனர். குடிக்கத் தக்க நீர் அரிது. மலைக்காய்ச்சல் ஒருபுறம், வாந்திபேதி மறுபுறம். நோயுற்று விழுந்தவரைச் சுமக்க ஆளின்றி வழியிலேயே விட்டுச் சென்ற நிகழ்ச்சிகள் பல. கிணறும் தங்குமடமும் மருந்தகமும் அரசினர் அமைத்தது, எண்ணற்றோர் மாண்டு கிடந்த பின்னர்த்தான். மாண்டவர் தொகையை எவரும் சரியாகக் கணக்கிடவில்லை. கணக்கிடத் தக்கவர்களாக அவர்கள் கருதப்படவில்லை என்பதே அதன் பொருள். 1869-இல் கோப்பியை நோய் பற்றிற்று. அதன் இடத்திலே தேயிலை வந்தது. பயிர் மாறிற்று; நடந்து வருவோர் வாழ்வு மாறவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு அந்தக் கால்நடை வழி கைவிடப்பட்டது. 1914-ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. இருபுறமும் புகையிரதம் வந்து காத்திருந்தது. சென்னையிலே ஏறியவர் கொழும்பிலே இறங்கலாம் என்ற அந்தப் போக்குவரத்தை ‘போட் மெயில்’ என்று மக்கள் அழைத்தனர். தலைமன்னாரின் வெளிச்சவீடு அடுத்த ஆண்டிலே ஏற்றப்பட்டது. முப்பது கிலோமீற்றர் நடை, ஒரு மணி நேரப் புகையிரதப் பயணமாகச் சுருங்கிற்று.

ஆயினும் அந்த வழி அம்மக்களை விடவில்லை. நாடு விடுதலையடைந்த 1948-ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சியோரைப்பற்றிப் பின்னர்ப் பேசுவதென்றும் அதிலே முடிவாயிற்று. அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் எழுதிய மை காயுமுன், அவ்வாண்டு டிசெம்பர் 22-ஆம் நாள் இரவிலே எழுந்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. புகையிரதம் ஒன்றையும் அதிலிருந்த பயணிகளையும் கடல் விழுங்கிற்று. அதன்பின் கப்பல் இராமேச்சரத்துக்கு ஓடிற்று. அந்தக் கப்பலிலேதான், தோட்டங்களிலே பிறந்து வளர்ந்து வேறு ஊரறியாத பிள்ளைகளும் முதியோரும், தாம் ஒருபோதும் கண்டிராத ‘தாயகத்துக்கு’ அனுப்பப்பட்டனர். பாட்டன் இறங்கிய கரையிலே பேரன் ஏறினான். 1980-களின் முற்பகுதியில் அக்கப்பல் நின்றுபோகும்வரை இது நடந்தது.

பின்னர்ப் போர் வந்தது. பாலம் தகர்க்கப்பட்டது, புகையிரதப் பாதை அழிந்தது. உயிர் தப்ப எண்ணியவர் இரவிலே படகேறி, தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் இராமேச்சரத்தை நோக்கிச் சென்றனர். கரைவரை செல்ல அஞ்சிய படகோட்டிகள் சிலர், அவர்களை நடுக்கடலின் தீடைகளிலே இறக்கிவிட்டுத் திரும்பினர். முழங்காலளவு நீரிலே, குழந்தைகளோடு, விடியும்வரை நின்றவர் பலர். 1990-ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமென்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தம் வீடுகளை விட்டு அகன்றனர். உப்புக்குளத்து முஸ்லிம்களும், எருக்கலம்பிட்டியாரும், தாராபுரத்தாரும் கடற்கரைக்கு நடந்து, படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவர்களுட் பலர் இருபது ஆண்டுகள் புத்தளத்து முகாம்களிலே கழித்தனர். போர் 2009-இல் முடிந்த பின்னர்ச் சிலர் திரும்பினர். சிலரின் பிள்ளைகளுக்கு உப்புக்குளம் பெற்றோர் சொல்லக் கேட்ட ஊராகவே நின்றுவிட்டது. புதிய பாலம் 2010-இலும், தலைமன்னார்ப் புகையிரதம் 2015-இலும் மீண்டன.

போர் ஓய்ந்த அந்த ஆண்டுகளிலேதான் இக்கரை காக்கப்பட வேண்டிய நிலமென்று சட்டம் அறிந்துகொண்டது. வங்காலைச் சரணாலயம் 2008-இல் அறிவிக்கப்பட்டது. 2010-இல் அது றாம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆதாம் பாலத் தீடைகள் 2015-இல் தேசியப் பூங்காவாயின. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் வான்வழி இங்கே முடிகின்றது. வாடைக்காற்றோடு வந்திறங்கும் ஊசிவால் வாத்துக்களும், சேற்றுநீரிலே வரிசையாய் நிற்கும் பூநாரைகளும், நீர்விளிம்பிலே ஓடித்திரியும் உள்ளான்களும் மாசி, பங்குனிவரை தங்கிச் செல்லும். மனிதர் நடமாட்டமற்ற தீடைகளிலே ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடும். 2021-ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன்னாரிற் பிடித்த கடற்காகங்களின் முதுகிலே சிறு கருவி பொருத்தி விடுத்தனர். அவை இந்தியாவைக் கடந்து, வடக்கே ருசியாவின் ஆர்க்டிக் கரைவரை சென்றமை தெரியவந்தது.

அந்தப் பறவையிடம் எந்த அரசும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. ஆண்டிலே சில மாதங்களே தங்கும் அதற்கு இந்நிலத்தில் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கின்றது. அது நல்ல சட்டம்; போற்றத் தக்கது. ஆனால், அதே தீடையைக் கடந்து வந்து, நூறாண்டுக்கு மேல் இந்த மண்ணிலே உழைத்து, இந்த மண்ணிலேயே புதையுண்டவரின் மக்களை, வந்தேறிகள் என்று கணக்கிட்டுத் திருப்பியனுப்பிய காலமும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக உப்புக்குளத்திலே வாழ்ந்தவரைச் சில நாட்களுக்குள் வெளியேற்றிய காலமும் இருந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணாதவன், இக்கரையின் அழகைக் கண்டிருப்பான், இக்கரையைக் கண்டிருக்கமாட்டான்.

காவலின் சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை. தீவின் தென்கரையிலே நடப்பவர் வானை மறைத்துச் சுழலும் காற்றாலைகளைக் காண்பர். ‘தம்பபவனி’ என்ற பெயரில் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டு, 2020-ஆம் ஆண்டு டிசெம்பரிலே திறக்கப்பட்டன. மேலும் பல நிறுவ வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு திட்டங்கள் தொடரவே, அவ்வாண்டிலே மன்னார் மக்கள் வீதியிலிறங்கி நாட்கணக்கிற் போராடினர். புகையின்றிப் பிறக்கும் மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. எனினும், தாழ்ந்த மணல் தீவிலே மழைநீர் வடியும் வழி அடைபடுமோ, நன்னீர் உவராகுமோ, பறவைகளின் வான்வழி தடைப்படுமோ என்று அங்கு வாழ்வோர் கேட்கும் கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. இத்தீவைப்பற்றிய முடிவுகளைத் தொலைவிலிருப்போரே எடுத்து வந்தனர் என்பதே அதன் நெடிய வரலாறு. அந்த வழக்கம் இனியேனும் மாறவேண்டும் என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

2023-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள், தலைமன்னாரிலிருந்து ஒரு நடைப்பயணம் புறப்பட்டது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, முன்னோர் சென்ற வழியையே பின்பற்றி அவர்கள் நடந்தனர். தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் வழியிலே சேர்ந்து நடந்தனர். தீவைக் கடந்து, மன்னார் நகரைக் கடந்து, காட்டூர்களிலே மக்கள் நீரும் உணவும் தந்து வரவேற்க, பதினாறாம் நாளாகிய ஓகஸ்ட் 12-இல் மாத்தளையை அடைந்தனர். முன்னோருக்கு அவ்வழியிலே கிடையாத ஒரு குவளை நீர், இருநூறு ஆண்டு கழித்து அவர்தம் பிள்ளைகளின் கையிலே தரப்பட்டது. நிலமும் வீடும் சமவுரிமையும் என்ற அவர்களின் கோரிக்கைகள் முற்றாக நிறைவேறிவிடவில்லை. ஆனால், பெயரின்றி மாண்டவரின் வழி ஒரு வழியாக மீண்டும் அறியப்பட்டது.

உப்புக்குளத்திலிருந்து ஆதாம் பாலம்வரை கல் பதித்த நடைபாதை எதுவுமில்லை. அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதி பெற்று, முட்டையிடும் பறவையைக் கலைக்காமல், வாடியிலிருப்போரிடம் வழிகேட்டு நடப்பதே அங்கு முறை. அவ்வாறு நடப்போர், பேசாலைக்கு அப்பால் மனித ஓசை அடங்கிய இடத்திலே சற்று நிற்பது நன்று. எதிரே கடலிலிருந்து, தலையிலே பானையும் இடுப்பிலே பிள்ளையுமாக நடந்து வந்தவருக்கு அவ்வழியிலே சிறிது இடம் விட்டு ஒதுங்கி நிற்றல் நம் கடன். அதன்பின் அந்தக் கரையிலே இறங்கும் ஒவ்வொரு பறவையும், இங்கு வருவதற்கும் தங்குவதற்கும் எல்லோருக்கும் இடமிருக்கக் கூடும் என்பதற்கு ஒரு சாட்சியாகவே தோன்றும்.